மனத்துயருக்கும் மருந்துண்டு
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்த பெருமக்கள் பேசுவதைக் கீழே அமர்ந்து கேட்டு மகிழ்ந்தவன் நான். கம்பனின் கவிநயத்தையும், சிலம்பின் சிறப்பையும், சோழர்தம் கடற்படையின் பெருமையையும் அவர்கள் எடுத்துரைக்கக் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். அவர்கள் நின்ற இடத்தில் நிற்கும் தகுதி எனக்கில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இந்தக் கரக்பூரில் கலாசியாகச் சேர்ந்து, துறைத் தேர்வெழுதி எழுத்தரானவன் நான். விடுப்புக் கணக்கும் சம்பளப் பட்டியலுமே நான் அன்றாடம் ஓதும் நூல்கள். செயலாளர் அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது, "ஐயா, நான் நன்கறிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான், அது என் சொந்த நோய்" என்றேன். "அதையே பேசுங்கள்" என்று அவர் பணித்தார். அவ்வாணையைத் தலைமேற்கொண்டு, மனத்துயர் என்பது யாது, அதனைப் பேச்சினாலே தீர்க்கும் சிகிச்சை யாது என்பது குறித்துச் சில சொற்கள் கூற விழைகிறேன். அச்சிகிச்சையை நம் பிள்ளைகள் கவுன்சலிங் என்று வழங்குகின்றனர்.

முதலில் என் கதையைக் கேட்டருளுங்கள்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் மாலை, விழுப்புரத்துக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து என் தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அண்ணா, அப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பயப்பட ஒன்றுமில்லை. லீவு கிடைத்தால் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்றான். அலுவலகத்தில் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. இரண்டு நாள் கழித்துப் புறப்படலாம் என்று எண்ணினேன். அந்த இரண்டு நாளுக்குள் ஃபானிப் புயல் ஒடிசாவை நோக்கி வந்துவிட்டது. சென்னை மார்க்கத்து வண்டிகள் வரிசையாக ரத்தாயின. மே 3ஆம் நாள் பூரிக்கு அருகே புயல் கரை கடந்தது. அன்று காலையிலேயே என் தந்தையார் காலமானார். தண்டவாளத்தையே நம்பி வாழ்கிற எனக்கு, அன்று தெற்கே செல்ல ஒரு வண்டி இல்லை. நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது தம்பி கொள்ளி வைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மூத்த மகன் நான்.

காரியங்கள் முடிந்து இங்கே திரும்பினேன். அன்று முதல் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு உறக்கம் வராது. "இரண்டு நாள் முன்னே கிளம்பியிருந்தால்" என்ற ஒரே வாக்கியம் நெஞ்சில் சுழன்றுகொண்டிருக்கும். உணவு ருசிக்கவில்லை. மார்பு படபடக்கும். ஞாயிறுதோறும் நம் சங்க நூலகத்துக்கு வருவதை நிறுத்தினேன். ஒரு தாயத்துக் கட்டிக்கொண்டேன். குலதெய்வத்துக்கு முடிந்துவைத்தேன். நண்பர் ஒருவர் இரண்டு வாய் குடித்தால் தூக்கம் வரும் என்றார். அதனையும் சிறிது காலம் செய்தேன் என்பதை இச்சபையில் மறைக்க விரும்பவில்லை. தூக்கம் வந்தது, விடிந்தபின் துயரம் இரு மடங்காயிற்று.

ஆறு மாதம் இவ்வாறு சென்றது. ஒரு நாள் டிராக்மேன் ஒருவர் என் மேசையருகே வந்து, தம் சம்பளத்தில் 12 நாள் பிடித்தம் ஆகியிருப்பதாகக் கைகூப்பிச் சொன்னார். அவர் முறையாக விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். அதனைப் பதியாமல் விட்டவன் நான். ஆயினும் அவர்மேல் சீறி விழுந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிச் சென்றார். மாலையில் ஏட்டைப் புரட்டிப் பார்த்தபோது பிழை என்னுடையது என்று தெரிந்தது. அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டு, கணக்கைச் செப்பனிட்டேன். அன்றிரவு என் மனைவி சொன்னாள்: "காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போகிறீர்கள். பல்வலி என்றால் போகிறீர்கள். ஆறு மாதமாகத் தூங்காத மனுஷனுக்கு டாக்டர் இல்லையா?"

மார்பு படபடப்பைச் சொல்லியே மருத்துவரிடம் சென்றேன். அவர் இதயத்தைச் சோதித்துப் பழுதில்லை என்று கண்டு, மனநலப் பிரிவுக்குச் சீட்டெழுதித் தந்தார். அச்சீட்டை மூன்று வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். காரணம் உங்களுக்கே தெரியும். இப்பக்கத்தில் ஒருவன் சற்று மாறிப் பேசினால், "இவனை ராஞ்சிக்கு அனுப்பு" என்று கேலி பேசுவது வழக்கம். ராஞ்சியை அடுத்த காங்கேயில் 1918ஆம் ஆண்டு ஐரோப்பியருக்கென்று தொடங்கப்பட்ட மருத்துவமனை, இன்று மத்திய மனநல நிறுவனம் என்ற பெயரோடு எல்லா மக்களுக்கும் சிகிச்சை அளித்து, மருத்துவர்களையும் உளவியலாளர்களையும் பயிற்றுவித்து வருகிறது. அத்தகைய ஊரின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அவ்வசைக்கு அஞ்சியே நானும் மூன்று வாரம் வீணாக்கினேன்.

பிறகு சென்றேன். மனநல மருத்துவர் என்னை விசாரித்து, மருந்து இப்போதைக்கு வேண்டாம் என்று கூறி, உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் என்னினும் இளையவரான அம்மையார். வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம், பத்து வாரம் என்று சொன்னார். முதல் நாள் எனக்குப் பேச்சே எழவில்லை. கணக்கைப் பற்றி இந்தியில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். தந்தையைப் பற்றிப் பேச அம்மொழி எனக்கு உதவவில்லை. அதனை உணர்ந்த அம்மையார், "முதலில் உங்கள் தமிழிலேயே சொல்லுங்கள். எனக்குப் புரியாவிட்டாலும் பாதகமில்லை. பிறகு இந்தியில் பொருள் சொல்லலாம்" என்றார். அன்றுதான் நான் முதன்முறையாக வாய்விட்டு அழுதேன்.

அங்கே நடப்பது யாதோ என்று பலரும் ஐயுறுகின்றனர். வசியமும் இல்லை, மின்சாரமும் இல்லை. எனக்கு நிகழ்ந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தூக்கத்தைச் சீர்ப்படுத்தினார். எத்தனை மணிக்கு உறங்கினாலும் ஒரே நேரத்தில் எழுதல் வேண்டும். விழிப்பு வந்தால் படுக்கையிலேயே புரண்டுகொண்டிராமல் எழுந்து வேறிடத்தில் அமர்தல் வேண்டும். உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டுமே மீண்டும் படுத்தல் வேண்டும். மாலைக்குப் பின் தேநீர் கூடாது. மது அறவே கூடாது. முதல் வாரம் வேதனையாயிருந்தது. நான்காம் வாரத்தில் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் உறங்கினேன்.

இரண்டாவதாக, நான் கைவிட்ட செயல்களைப் பட்டியலிடச் சொன்னார். அவற்றுள் எளிய இரண்டை, மனம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், குறித்த நாளில் செய்யச் சொன்னார். ஞாயிறு காலை நம் நூலகம். மாலையில் என் மகளோடு நடை. "மனம் தெளிந்த பிறகு செய்யலாம் என்று காத்திராதீர்கள், செய்யச் செய்யவே மனம் தெளியும்" என்றார். அது மெய்யாயிற்று.

மூன்றாவதாக, என்னை வாட்டிய அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டார். குறிப்பேட்டில் இரண்டு பத்தி போடச் சொன்னார். ஒன்றில், ஏப்ரல் 30ஆம் நாள் எனக்குத் தெரிந்திருந்தவை. மற்றதில், பின்னர் தெரியவந்தவை. முதற்பத்தியில் எழுதினேன்: காய்ச்சல், இரண்டு நாள், பயப்பட ஒன்றுமில்லை என்று தம்பியின் சொல். இரண்டாம் பத்தியில் எழுதினேன்: புயல், வண்டி ரத்து, மரணம். எழுதி முடித்ததும் எனக்கே விளங்கிற்று. பின் தேதியில் வந்த பதிவை முன் தேதியில் ஏற்றுவது எங்கள் அலுவலகத்தில் பெருங்குற்றம். அக்குற்றத்தைத்தான் ஆறு மாதமாக என் மனத்தின் ஏட்டில் நான் செய்துகொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அம்மையார் எனக்குப் பொய்யான ஆறுதல் கூறவில்லை. அவ்வாண்டு தைப்பொங்கலுக்குப் பிறகு நான் தந்தையோடு இருமுறையே பேசியிருந்தேன் என்பதும் அக்குறிப்பேட்டில் வந்தது. "இது மெய்யான வருத்தம், இதனை அழிக்க நான் முயலமாட்டேன். இதனைக் கொண்டு இனி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அன்று முதல் ஞாயிறுதோறும் இரவில் தம்பிக்கும், ஊரிலுள்ள அத்தைக்கும் தொலைபேசியில் பேசி வருகிறேன். அவ்வருத்தம் இன்றும் என்னிடம் உண்டு. ஆயினும் அது என்னை இரவில் எழுப்புவதில்லை.

அன்பர்களே, எனக்குச் செய்யப்பட்ட இச்சிகிச்சை அம்மையாரின் கைவைத்தியமன்று. அமெரிக்க நாட்டு மனநல மருத்துவர் ஆரன் பெக் என்பார் 1960களில் வகுத்த முறையின் வழிவந்தது அது. துயருற்றவர் நெஞ்சில் தாமே எழும் சில எண்ணங்கள் ஆராயப்படாமலேயே உண்மையென்று கொள்ளப்படுகின்றன என்பதை அவர் கண்டார். அவ்வெண்ணங்களைச் சான்று வைத்துச் சோதிக்கப் பயிற்றுவித்தால் துயரம் தணியும் என்று காட்டினார். அவர் 100 ஆண்டு வாழ்ந்து 2021இல் மறைந்தார்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. கோவா மாநிலத்தில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வுற்றவர்களுக்குப் பேச்சு வழிச் சிகிச்சை அளித்துப் பார்த்தனர். அளித்தவர்கள் மருத்துவர்களல்லர், பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். கைவிட்ட செயல்களை மீண்டும் தொடங்கச் செய்வதே அம்முறையின் சாரம். ஆறு முதல் எட்டு அமர்வுகளே. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேர் தேறியிருந்தனர். இச்சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 64 பேர் தேறியிருந்தனர். 2017ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில் இது வெளியாயிற்று. எல்லோரும் தேறிவிடவில்லை என்பதையும் அதே கணக்குக் காட்டுகிறது. பேச்சுச் சிகிச்சை மந்திரமன்று, மருத்துவம்.

இந்நோய் எத்தனை பேருக்கு இருக்கும் என்று எண்ணுகிறீர்கள்? பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை உண்டு. சோர்வு, பதற்றம் முதலிய பொதுவான குறையுடையோரில் நூற்றுக்கு 80 பேருக்கும் மேல் சிகிச்சையே பெறாதவர்கள். இப்பந்தலை ஒரு முறை பாருங்கள். பத்தில் ஒருவர் என்றால், ஒவ்வொரு நாற்காலி வரிசையிலும் ஒருவர் இருக்கக்கூடும்.

நம் காலனியின் வாழ்க்கையை எண்ணிப் பார்ப்போம். மணமாகி வந்த பெண், அண்டை வீட்டார் மொழி அறியாமல், கணவன் இரவுப் பணிக்குச் சென்றபின் நான்கு சுவரைப் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை, மதிப்பெண் குறைந்தால் தந்தை முகத்தில் எவ்வாறு விழிப்பது என்று நடுங்குகிறான். முப்பத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர், குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊருக்குச் செல்கிறார். அவ்வூரில் அவரை அறிந்தோர் எவருமில்லை. பெரியவர் ஒருவர் துணைவியை இழந்து, பேச ஆளின்றி இருக்கிறார். இவர்களில் எவரும் பைத்தியமல்லர். வாழ்க்கை அவர்தம் தோளில் ஏற்றிய சுமை ஒருவர் தாங்கும் அளவை மீறிவிட்டது, அவ்வளவே.

"இதற்கெல்லாம் ஒருவரிடம் போக வேண்டுமா? நண்பரிடம் பேசினால் போதாதா? கடவுளிடம் முறையிட்டால் ஆகாதா?" என்று சிலர் கேட்பர். நண்பரும் வேண்டும், கடவுளும் வேண்டும். ஆனால் நண்பர் நம் கதையைக் கேட்குமுன்னே தம் கதையைத் தொடங்கிவிடுகிறார்; அல்லது, "விடு, எல்லாம் சரியாகிவிடும்" என்று முடித்துவிடுகிறார். பயிற்சி பெற்றவர் அறிவுரையைக் குறைத்துக் கேள்வியைப் பெருக்குகிறார். நம்மை நாமே காணச் செய்கிறார். நாம் சொன்னதை வெளியே சொல்லாதிருப்பது அவர் கடமை.

"அலுவலகத்துக்குத் தெரிந்தால்?" என்பது அடுத்த அச்சம். 2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் செய்திகளை மறைவாகக் காக்கும் உரிமையை அவருக்கு வழங்குகிறது. உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு அளிக்க வேண்டும் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தாமல், கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரவேண்டியது அரசின் கடமை என்கிறது. வண்டி ஓட்டும் சகோதரர்களுக்கு மட்டும் ஒரு சொல்: மனநல மருந்துகளுள் சில உறக்கம் வருவிப்பன. ஆகவே உங்கள் பணி யாது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எவரிடம் செல்வது? மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, மருந்து எழுதும் உரிமையுடையவர். உளவியலாளர் பேச்சு வழியே சிகிச்சை தருபவர். அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டறிவது தகும். சிலருக்குப் பேச்சே போதும். சிலருக்கு மருந்தும் சேர்ந்தே வேண்டும். இல்லாத குரல் காதில் கேட்பவர், உண்ணாமல் உறங்காமல் கிடப்பவர், உயிரை வெறுத்தவர் ஆகியோரைக் காலந்தாழ்த்தாது மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தொடங்கிய மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

உயிரை வெறுத்துப் பேசும் ஒருவரைக் கண்டால் நாம் பேச்சை மாற்றிவிடுகிறோம். கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே தூண்டியதாகிவிடுமோ என்று அஞ்சுகிறோம். அவ்வச்சம் தவறானது. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் பிறப்பதில்லை, பாரம் இறங்குகிறது. அவரைத் தனியே விடாதீர்கள். உதவி வரும்வரை உடனிருங்கள்.

எனக்கு நேர்ந்த மொழித் தடை இன்று உங்களுக்கு வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கிற்று. எண் 14416. இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணமில்லை. தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் பேசலாம். கரக்பூரில் இருந்துகொண்டு தாய்மொழியில் அழுவதற்கும் இன்று ஒரு காது உண்டு. இவ்வெண்ணை எல்லோரும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

நிறைவாக ஒன்று. திருக்குறளில் மருந்து என்பது 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் பெருமான் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர். நான்காமவரை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் என்பார், நோயாளிகளின் உறவினரையும் அழைத்து, வளாகத்தில் கூடாரமடித்து உடன் தங்கச் செய்தார். துணையிருந்தோர் நோயைப் புரிந்துகொண்டனர். நோயாளிகளும் தேறி வீடு திரும்பினர். என் வாழ்வில் அந்நான்காமவர் என் மனைவி. அவள் அன்று கேட்ட ஒரு கேள்வி இல்லையேல் நான் இன்று இங்கே நின்றிரேன்.

உறவும் ஊரும் தொலைவிலிருக்கிற நமக்கு, அந்நான்காமவராக நிற்க வேண்டியது நம் சங்கமே. ஆதலால் செயற்குழுவின்முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, 14416 என்னும் எண்ணைத் தமிழில் எழுதி நம் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் நிலையாக வைக்க வேண்டும். மற்றொன்று, நூலகத்துக்கோ பூஜைக்கோ வழக்கமாக வரும் ஒருவர் மூன்று வாரம் வராதிருந்தால், நம்மில் ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி நலம் கேட்டு வரவேண்டும். நான் ஆறு மாதம் வராதிருந்தேன், எவரும் தட்டவில்லை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அக்காலத்தில் வேறொருவர் அவ்வாறிருந்தால் நானும் தட்டியிருக்கமாட்டேன். இனி தட்டுவோம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் நூலகத்தில்தான் இருப்பேன். மருத்துவரிடம் முதல்முறை தனியே செல்லத் தயங்குபவர் எவரேனும் இருப்பின், என்னிடம் ஒரு சொல் கூறுங்கள். உடன் வந்து வெளியே பெஞ்சில் காத்திருக்கிறேன். உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்கமாட்டேன்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!